பழைய பெட்ரோல் அம்பாசிடருக்கு இன்ஜெக்‌ஷன் மாட்டுவது எப்படி?

மே மாத மதியம். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வரிசை நகரவில்லை. பெட்ரோல் அம்பாசிடர் ஓட்டியவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். பானட்டைத் திறந்து, பெட்ரோல் பம்பு மேல் ஈரத்துணியைச் சுற்றி, கால் மணி நேரம் நிழல் தேட வேண்டும். இன்ஜினோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பம்புக்குள்ளேயே பெட்ரோல் சூட்டில் ஆவியாகிவிடுகிறது. ஆவியை அந்தப் பம்பால் தள்ள முடியாது.

அப்பாவின் வண்டியை விற்க மனம் வராமல், இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான் நான், கார்புரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் பக்கம் போனேன். காவேரிப்பட்டணத்தில் வீட்டு முற்றத்தில் வைத்து, பாதி வேலையை நானும் மீதியைப் பட்டறைகளிலுமாக முடித்தேன். இதுவரை ஸ்பேனர் மட்டுமே பிடித்தவர்களும் செய்யலாம். ஆனால் வரிசை மாறாமல் செய்ய வேண்டும். வரிசையை மாற்றிச் செய்து நான் இழந்தது இரண்டு மாதம்.

முதலில் இன்ஜினைப் பாருங்கள்

மைலேஜ் ஒன்றுக்காக மட்டும் யோசிக்கிறீர்கள் என்றால் வேண்டாம். கார்புரேட்டருக்கு நல்ல ரிப்பேர் கிட் போட்டு, காற்று மூடியைத் திருப்பும் த்ராட்டில் ஷாஃப்டுக்குப் புது புஷ் அடித்து, பாயிண்ட் கேப் சரிசெய்தாலே பல வண்டிகள் திருந்திவிடும். அந்த ஷாஃப்ட் ஆட்டம் கண்டுவிட்டால் அந்த வழியாகக் காற்று உறிஞ்சும். ஏர் ஸ்க்ரூவை எத்தனை முறை திருகினாலும் ஐட்லிங் நிலையாக இருக்காது. பழியெல்லாம் கார்புரேட்டர் மேல் விழும்.

கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்பே கம்ப்ரஷன் பார்த்துவிடுங்கள். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் மேலே போகலாம். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் வால்வோ ரிங்கோ தேய்ந்திருக்கிறது, அந்தப் பணத்தை ஹெட் வேலைக்குப் போடுங்கள். டேப்பட் இடைவெளி, டைமிங், ரேடியேட்டர் எல்லாம் ஒழுங்கான பிறகுதான் கம்ப்யூட்டர். தேய்ந்த இன்ஜினின் நோயைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்காது, அந்த நோய்க்கேற்ற தப்பான கணக்கைத்தான் போடும்.

ஆர்டிஓ விஷயத்தையும் இப்போதே பேசி முடியுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. இங்கே எரிபொருள் பெட்ரோல்தான், இன்ஜின் எண்ணும் சிசியும் மாறவில்லை. இருந்தாலும், 15 வருடம் தாண்டிய வண்டியைப் பதிவு புதுப்பிக்கக் கொண்டுபோய் நிறுத்தும்போது ஆய்வாளர் பானட்டைத் திறப்பார். என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தாகக் கேட்டுக்கொள்வதுதான் முறை.

என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

கார்புரேட்டரில் காற்று ஒரு குறுகிய கழுத்து வழியாக வேகமாகப் போகிறது. அங்கே அழுத்தம் குறைவதால் ஜெட் வழியாகப் பெட்ரோல் தானாக மேலேறிக் கலக்கிறது. காற்று லேசாகிவிட்டதா, இன்ஜின் சில்லென்று இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால்தான் சோக் என்று ஒன்றை நாம் கையால் இழுக்கிறோம்.

இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் எப்போதும் சுமார் 3 பார் அழுத்தத்தில் இன்ஜெக்டர் வாசலில் காத்திருக்கும். வாசல் எத்தனை மில்லி நொடி திறக்க வேண்டும் என்பதை இசியு என்னும் சின்னக் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். அந்தக் கணக்குக்கு அது கேட்பது: மேனிஃபோல்டின் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்) உள் அழுத்தம், உள்ளே வரும் காற்றின் சூடு, தண்ணீரின் சூடு, ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதித்திருக்கிறோம், ஆர்பிஎம். சைலன்சர் குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார், கணக்கு சரியா என்று திருப்பிச் சொல்லும்.

நம் பக்கத்தில் இதன் அருமை நன்றாகத் தெரியும். இன்ஜின் ஓடாதபோது சாவியை மட்டும் போட்டு அழுத்த சென்சாரைப் பார்த்தால், கிருஷ்ணகிரியில் சுமார் 95 கிலோபாஸ்கல் காட்டும். ஓசூர் போய்ப் பார்த்தால் 91-க்குப் பக்கம். ஐம்பது கிலோமீட்டருக்குள் காற்று அவ்வளவு லேசாகிவிடுகிறது. கார்புரேட்டர் வண்டி ஓசூரில் கொஞ்சம் புகை கக்குவதற்கும் பிக்கப் மந்தமாவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

பொருள் வாங்குவது

ஹோலி ஸ்னைப்பர் போன்ற அமெரிக்க ரெடிமேட் கிட்டுகள் பெரிய வி8 இன்ஜின்களை மனதில் வைத்துச் செய்தவை. 1489 சிசி இன்ஜினுக்கு அவை ஏணி வைத்தாலும் எட்டாத பெரிசு. நமக்குப் பொருந்துவது வேறு வழி. மூளைக்கு ஸ்பீடுயினோ அல்லது மைக்ரோஸ்குவர்ட், மீதிக்கு மாருதி எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள) வண்டிச் சாமான்கள். ஸ்பீடுயினோ என்பது ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடும் திறந்த மூல இசியு. லேப்டாப்பில் டியூனர்ஸ்டூடியோ மென்பொருள் போட்டு இரண்டையும் பேச வைக்கலாம். த்ராட்டில் பாடி, தண்ணீர் சென்சார், பம்பு, ரெகுலேட்டர் எல்லாம் 1 முதல் 1.3 லிட்டர் மாருதியிலிருந்து எடுத்தால் போதும். நம் ஊரில் கிடைக்காவிட்டால் பெங்களூர் ஜேசி ரோடு இருக்கிறது, காலை பஸ் பிடித்தால் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

பழைய சாமான் வாங்குவதில் எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. த்ராட்டில் பாடி, மேனிஃபோல்டு மாதிரி இரும்பு, அலுமினியச் சாமான் பழசாக இருக்கலாம். பம்பு, ஓஸ், ஆக்ஸிஜன் சென்சார் மூன்றும் புதுசாகத்தான் இருக்க வேண்டும். அந்தச் சென்சார் வைட்பேண்டாக, பாஷ் எல்எஸ்யு 4.9 வகையாக இருக்கட்டும். சாதாரண நாலு வயர் சென்சார் கலவை கெட்டியா நீர்த்ததா என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது.

இன்ஜெக்டர் அளவுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த இன்ஜின் சுமார் 50 குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல் என்பது பொதுக்கணக்கு. மொத்தம் 25 பவுண்டு, அதாவது 11.3 கிலோ, அதாவது ஏறக்குறைய 15 லிட்டர். நிமிடத்துக்கு 253 மில்லி. இரண்டு இன்ஜெக்டருக்குப் பிரித்து, எந்த இன்ஜெக்டரும் 80 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று வைத்தால், ஒன்றுக்கு 158 மில்லி. இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு எட்டு சதவீதம் கூட்டுங்கள், 170 வரும். 180, 200 வாங்கினால் போதும். பெரிசாக இருக்கட்டுமே என்று 400 வாங்கினால் ஐட்லிங்கில் அது ஒரு கணம்தான் திறக்க வேண்டியிருக்கும். இன்ஜெக்டர் திறந்து மூடவே சுமார் ஒரு மில்லி நொடி எடுத்துக்கொள்கிறது. அந்தச் சின்ன அளவில் கணக்கு நிற்காது, வண்டி தள்ளாடும்.

இன்ஜெக்டர் எங்கே உட்கார வேண்டும்?

இந்த இடத்தில்தான் நான் வழுக்கினேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அம்பாசிடரின் இந்த இன்ஜின் பிஎம்சி பி சீரிஸ். நாலு சிலிண்டர் இருந்தாலும் காற்று உள்ளே போக இரண்டே வாசல்தான். 1-ம் 2-ம் ஒரு வாசலைப் பங்கு போடுகின்றன, 3-ம் 4-ம் இன்னொன்றை. எம்பிஎஃப்ஐ என்றால் வாசல் பக்கத்தில்தான் இன்ஜெக்டர் என்று படித்திருந்ததால், மேனிஃபோல்டின் இரண்டு கைகளின் நுனியிலும் துளை போட்டு இன்ஜெக்டர் வைத்தேன். வண்டி ஸ்டார்ட் ஆனது. மீட்டரில் லாம்ப்டா 1.0, அதாவது காற்றும் பெட்ரோலும் சரியான விகிதம், அச்சு அசலாக. ஆனாலும் ஐட்லிங்கில் இன்ஜின் நடுங்கிக்கொண்டே இருந்தது. மூன்று வாரம் இசியுவின் பெட்ரோல் அளவு டேபிளில் எண்களை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் லேத் பட்டறைக்கு வந்த பழைய மெக்கானிக் ஒருவர் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "தம்பி, நாலு பிளக்கையும் கழட்டி வரிசை மாறாம பேப்பர்ல வை" என்றார். வைத்தேன். 2-ம் 3-ம் கரி பிடித்து வெல்வெட் மாதிரி கறுப்பு. 1-ம் 4-ம் சுண்ணாம்பு பூசினதுபோல் வெளுப்பு. "பாத்தியா, நடுவுல இருக்கிற ரெண்டும் சாப்பாட்டைப் புடுங்கித் தின்னுது" என்றார்.

காரணம் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2. முதல் வாசலில் 2 உறிஞ்சின உடனே 1 உறிஞ்சுகிறது, அப்புறம் ஒரு முழுச் சுற்று அந்த வாசல் சும்மா கிடக்கிறது. அந்த நேரத்தில் சேர்ந்த பெட்ரோலையெல்லாம் முதலில் வரும் 2 எடுத்துக்கொள்கிறது, பின்னால் வரும் 1-க்கு மிச்சம்தான். மறுபக்கம் 3-ம் 4-ம் அதே கதை. சைலன்சர் குழாயில் எல்லாப் புகையும் கலந்த பிறகு அளக்கிற சென்சாருக்கு இது தெரியாது. அது சராசரியைத்தான் சொல்லும். வெளுத்த பிளக் உள்ள சிலிண்டரில் லோடு கொடுத்து ஓட்டினால் பிஸ்டன் போய்விடும்.

தீர்வு எளிது. நுனித் துளைகளை அடைத்துவிட்டு, த்ராட்டில் பாடிக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் 40 மில்லிமீட்டர் உயர அலுமினியக் கட்டை ஒன்று கடைந்து, இரண்டு இன்ஜெக்டரையும் அதில் சாய்வாக உட்கார வைத்தேன். இசியுவில் ஒரு சுழற்சிக்கு நாலு தடவையாகப் பிரித்துப் பீய்ச்சச் சொன்னேன். பெட்ரோல் காற்றோடு வழியிலேயே கலந்து, கார்புரேட்டரில் போவதுபோல் பங்கிட்டுப் போகிறது. அடுத்த முறை கழற்றியபோது நாலு பிளக்கும் ஒரே பிஸ்கட் நிறம். நீங்கள் நேராக இந்த இடத்துக்கே வந்துவிடுங்கள். மாருதி 800 போல ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வாசல் உள்ள வண்டி என்றால் இந்தப் பிரச்சினை இல்லை, வாசலருகே தாராளமாக வைக்கலாம்.

பெட்ரோல் லைன்

அவசரம் கூடாத வேலை இதுதான். பழைய லைனில் அழுத்தம் கால் பார் அளவுக்குத்தான். இப்போது 3 பார். பழைய ரப்பர் ஓஸை அப்படியே விட்டால் பீறிட்டுச் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் அடிக்கும். போதாததற்கு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உள்ளேயிருந்து கரைக்கிறது. நான் கழற்றிய ஓஸைக் கத்தியால் நெடுக்கில் கீறிப் பார்த்தேன். உள்சுவர் விரல் பட்டதும் கறுப்பு மாவாக உதிர்ந்தது. அந்த மாவு இன்ஜெக்டரின் முடி அளவு துவாரத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஓஸ் மேல் ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சேஸிஸ் நெடுக 8 மில்லிமீட்டர் ஸ்டீல் பைப், இரண்டு முனையிலும் மட்டும் ஓஸ். கிளிப் பல் போட்டதாக இல்லாமல், சுற்றிலும் சமமாக இறுக்கும் இன்ஜெக்‌ஷன் கிளிப்பாக இருக்கட்டும்.

மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப இன்னொரு பைப் வேண்டும். ஈரத்துணிக்கு வேலையில்லாமல் போவதே இந்த ரிட்டர்ன் லைனால்தான். பெட்ரோல் எங்கேயும் தேங்கிச் சூடாகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அழுத்தமும் அதை ஆவியாக விடுவதில்லை. ரிட்டர்ன் குழாய்க்காக டேங்கில் வெல்டிங் வைக்க நேர்ந்தால் நீங்கள் தொடவே கூடாது. காலி டேங்கில் நிற்கும் ஆவி வெடிகுண்டு. டேங்கை இறக்கி, கழுவி ஆவி நீக்கிச் செய்யத் தெரிந்த பட்டறையில் கொடுங்கள்.

பழைய டேங்குக்குள் தடுப்பு கிடையாது. பாதி டேங்கில் பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்கும் வளைவுகளில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கும், பம்பு காற்றை இழுக்கும், வண்டி வெட்டும். கார்புரேட்டரில் மிதவைக் கிண்ணம் இதைச் சமாளித்துக்கொண்டிருந்தது. இப்போது அந்த வேலைக்கு ஒரு லிட்டர் சின்ன டேங்க் ஒன்றை நடுவில் வையுங்கள். டேங்கிலிருந்து குறைந்த அழுத்தப் பம்பு அதை நிரப்பும், அதிலிருந்து பெரிய பம்பு இன்ஜினுக்குத் தள்ளும். வெளிப் பம்புக்குத் தள்ளத்தான் தெரியும், உறிஞ்சத் தெரியாது. அதனால் டேங்க் மட்டத்துக்குக் கீழே மாட்டுங்கள். பம்புக்கு முன்னால் பெருங்கண் ஃபில்டர், பின்னால் 10 மைக்ரான் ஃபில்டர். பழைய பம்பைக் கழற்றிய இடத்தைத் தகடு வைத்து கேஸ்கெட்டோடு மூடுங்கள், இல்லாவிட்டால் ஆயில் கொட்டும்.

பம்பு ரிலேவை இசியுதான் இயக்க வேண்டும், சாவியோடு நேராகச் சேர்க்காதீர்கள். இன்ஜின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும். விபத்தில் ஓஸ் அறுந்து பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் அதைவிடக் கொடுமை வேறில்லை. மோதினால் அறுக்கும் இனர்ஷியா சுவிட்சையும் அந்த வயரில் வையுங்கள். வேலை நடக்கும் நாளெல்லாம் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வயரிங்

உங்கள் வண்டியில் இன்னும் டைனமோ இருந்தால் முதலில் ஆல்டர்னேட்டர் மாற்றுங்கள். பம்பு, இன்ஜெக்டர், சென்சார் ஹீட்டர் எல்லாம் சேர்ந்து பத்து ஆம்பியர் வரை இழுக்கும். ஐட்லிங்கில் டைனமோ கொடுப்பது ஹாரனுக்கே பத்தாது.

எர்த் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பாடியில் துரு சுரண்டி ஒரு ஸ்க்ரூ போட்டு எர்த் எடுக்கிற பழக்கத்தை இங்கே மறந்துவிடுங்கள். இசியுவின் எர்த் இன்ஜின் பிளாக்கில் ஒரே போல்ட்டுக்கு, பிளாக்கிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் தடித்த வயர். சென்சார்களின் எர்த் தனியாக இசியுவுக்கே திரும்ப வேண்டும். சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும்போதும் இசியுவுக்கு 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். சில சாவி சுவிட்சுகளில் ஸ்டார்ட் அடிக்கும்போது அந்தச் சப்ளை அறுந்துவிடும். மணிக்கணக்கில் ஸ்டார்ட்டர் அடித்தும் எடுக்காது.

முதல் கட்டத்தில் இக்னிஷனைத் தொட வேண்டாம், டிஸ்ட்ரிபியூட்டரே பொறி கொடுக்கட்டும். ஆனால் பாயிண்டை எடுத்துவிட்டு, காந்தத்தால் சுழற்சியை உணரும் ஹால் பிக்கப் போடுங்கள். இசியுவுக்குத் தேவையான ஆர்பிஎம் சிக்னல் அதிலிருந்து சுத்தமாகக் கிடைக்கும். பிளக் ரெசிஸ்டர் வகையாகவும், பிளக் வயர் சப்ரஷன் வகையாகவும் இருக்க வேண்டும். பழைய செம்பு வயரின் மின் இரைச்சலில் இசியு ஓடும்போதே ரீசெட் ஆகும். கிராங்க் புல்லியில் 36-1 பல்சக்கரம் (36 பல்லில் ஒன்று விடுபட்டது) மாட்டி டைமிங்கையும் இசியுவிடம் கொடுப்பது அடுத்த வருட வேலை.

ஆக்ஸிஜன் சென்சாருக்கான நட்டை, எக்ஸாஸ்ட் கிளைகள் ஒன்றுசேர்ந்த பிறகு வெல்டு செய்யுங்கள். சென்சார் படுத்தவாக்கில் இருக்கக் கூடாது, பத்து டிகிரியாவது மேல்நோக்கிச் சாய்ந்தால்தான் குழாயில் வியர்க்கும் தண்ணீர் அதில் தேங்காது. அதற்கு முன்னால் கேஸ்கெட் கசிந்தால் வெளிக்காற்று புகுந்து மீட்டர் பொய் சொல்லும்.

முதல் ஸ்டார்ட்

ஸ்பார்க் பிளக்கைப் போடாமல், இன்ஜெக்டரின் வயர் கனெக்டரைக் கழற்றிவிட்டு, பம்பை மட்டும் ஓடவிட்டு பத்து நிமிடம் ஒவ்வொரு மூட்டையும் கையால் தடவிப் பாருங்கள். விரல் ஈரமானால் அன்றைக்கு ஸ்டார்ட் கிடையாது. பிறகு த்ராட்டிலை மூடி, திறந்து சென்சாரை அளவெடுக்கவிட்டு, சூட்டு சென்சார்கள் இரண்டும் அன்றைய வெயிலின் அளவையே காட்டுகின்றனவா என்று சரிபாருங்கள். ஸ்டார்ட்டர் அடிக்கும்போது லேப்டாப்பில் 150, 200 ஆர்பிஎம் நிலையாகத் தெரிய வேண்டும். எண் குதித்தால் சிக்னல் கோளாறு, பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துப் பயனில்லை.

இன்ஜின் பிடித்துக்கொண்டதும் மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பாருங்கள். ஐட்லிங்கில் 30 முதல் 40 கிலோபாஸ்கல் என்றால் ஆரோக்கியம். 55, 60 என்று நின்றால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது.

டியூனிங்

எரிபொருளில் எத்தனால் கலந்திருப்பதால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற பழைய எண்ணைப் பிடித்துத் தொங்காமல், லாம்ப்டாவில் யோசியுங்கள் (1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்). ஐட்லிங்கில் 0.95 முதல் 1.0, சீரான வேகத்தில் 1.0, முழு மிதியில் 0.85 முதல் 0.88. முதலில் சூடான ஐட்லிங், அடுத்து மெதுவான ஓட்டம், முழு மிதி கடைசி. லேப்டாப் பார்க்க ஓர் ஆள், ஓட்ட ஓர் ஆள் கட்டாயம். டியூனர்ஸ்டூடியோவின் கட்டணப் பதிப்பில் ஓடும்போதே டேபிளைத் தானாகத் திருத்தும் வசதி இருக்கிறது. அந்தக் காசு தண்டமில்லை.

ஏற்றத்தில் லோடு பார்க்க, சூளகிரி போகும் வழியில் மேலுமலை ஏற்றம் எனக்கு வசதியாக இருந்தது. ஞாயிறு விடியற்காலை, இடது ஓரமாக, மூன்றாம் கியரில். தொப்பூர் கணவாய்க்கு இந்த வேலையாகப் போகவே போகாதீர்கள். பிரேக் சூடேறின லாரிகளுக்கு நடுவில் லேப்டாப் பார்க்கிற இடமல்ல அது. திரும்பி இறங்கும்போது, கால் எடுத்தால் 1500 ஆர்பிஎம்முக்கு மேல் பெட்ரோல் முழுக்க நிற்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ஓசூரிலிருந்து இறங்குகிறபோது இன்ஜெக்டர் பூஜ்யம் காட்டுவதைப் பார்த்தால் மனசு நிறையும்.

காலை ஸ்டார்ட்டை ஒரே நாளில் முடிக்க முடியாது. தினமும் குளிர்ந்த இன்ஜினுக்கு ஒரு முயற்சிதான் கிடைக்கும். மார்கழியில் ஓசூர் பக்கம் ஒரு இரவு வண்டியை வெளியே நிறுத்திப் பார்த்தால்தான் அந்த டேபிளின் கீழ்க்கோடி நிரம்பும்.

முதல் 500 கிலோமீட்டரில் எல்லா கிளிப்பையும் மறுபடி இறுக்கி, பின் ஃபில்டரை மாற்றி, நாலு பிளக்கையும் வரிசை மாறாமல் பேப்பரில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டியூன் ஃபைலைத் தேதி போட்டுத் தனியாகச் சேமியுங்கள். டிக்கியில் ஒரு ரிலே, நாலு ஃப்யூஸ், ஒரு ஹால் பிக்கப். கழற்றிய கார்புரேட்டரையும் பழைய பம்பையும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் வையுங்கள், காயலான் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.